தோட்டச் சுகாதாரமும் பாடசாலையும்



ஊவா மாகாணத்துத் தோட்டங்களிற் சுகாதாரம் சிறக்க வழி யாது என்று கேட்டால், "ஆஸ்பத்திரி வேண்டும், ஆட்கள் வேண்டும்" என்ற விடையே முதலில் வரும். இரண்டும் வேண்டியனவே. ஆயினும், ஒன்றையொன்று பற்றி நிற்பவற்றைத் தனித்தனியே திருத்த முயன்றால் காரியம் கைகூடுவதில்லை.

இதற்கு நமது நாட்டுச் சரித்திரமே சான்று. 1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மருந்து புழுவை வெளியேற்றிற்று. ஆனால், போதிய மலசலகூடங்கள் இல்லாத லயன்களில், அசுத்த மண்ணை வெறுங்காலால் மிதித்தவர்களைப் புழு மீண்டும் பற்றிற்று. மருந்து மட்டும் போதாதென்பது அப்போது தெளிவாயிற்று. 1926இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவமாது ஆகியோர் ஒரே பிரதேசத்தில் ஒருங்கிணைந்து பணிபுரியும் முறை அவ்வாறே நாட்டிற் பரவலாயிற்று. தோட்டத்து வைத்தியமோ நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே தனித்து நின்றது.

இனி, நமுனுகுலை மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே மருத்துவமாது நிலைத்திருக்க வேண்டுமாயின், தாய்மாரின் மொழி அவருக்குத் தெரிய வேண்டும். தங்க வீடு வேண்டும். போக வரப் பாதை வேண்டும். தமிழ் பேசும் பெண்கள் பயிற்சிக்குச் செல்ல உயர்தரக் கல்வி வேண்டும். தாதியாவதற்கோ விஞ்ஞானப் பிரிவிலே தேர்ச்சி வேண்டும். அதற்குப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். இவை இல்லாவிடின் மருத்துவமாதின் இடம் வெற்றிடமாகும். தாய் கவனிப்பின்றி மெலிவாள். குழந்தை நோஞ்சானாய்ப் பிறக்கும். அக்குழந்தை கல்வியிற் பின்தங்கும். அப்பாடசாலையிலிருந்து அடுத்த மருத்துவமாதும் தோன்றமாட்டார். குறை சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இவ்வட்டத்தை எங்கே அறுப்பது? பாடசாலையில் அறுப்பதே எளிது என்பது என் துணிபு. பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதிகளின் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானம் செவ்வனே கற்பிக்கப்பட்டு, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பயிற்சி பெற்றுத் தம் ஊருக்கே திரும்புவாராயின், மொழியைப் புதிதாய்க் கற்கவேண்டியதில்லை. உறவும் வீடும் அங்கேயே உள. இதனாற் பயிற்சியின் தரத்தைத் தாழ்த்த வேண்டுவதில்லை. பாடசாலையின் தரத்தையே உயர்த்த வேண்டும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, கல்வியிலும் சுகாதாரத்திலும் பெரும்பகுதி மாகாணத்தின் பொறுப்பாயிற்று. ஆகவே, இரு திணைக்களத்தாரும் பதுளையில் ஒரே மேசையில் அமர்ந்து, எத்தோட்டத்தில் எவ்விடம் வெறிதாயுள்ளது, அதற்கு அண்மையிலுள்ள எப்பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்னும் இரு கணக்குகளையும் ஒருசேரப் பார்க்கட்டும். ஒரு கணக்கின் குறை மற்றதன் காரணமாயிருப்பதை அவர்கள் அங்கேயே காண்பார்கள்.