இணைய விளையாட்டிலும் அதபு வேண்டும்

(கோடைகால தீனிய்யாத் வகுப்பு நிறைவு நாளில், பெற்றோரும் மாணவர்களும் கூடிய அமர்வில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மேடையில் அமர்ந்திருக்கும் ஹழ்ரத் அவர்களே, ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, பரிசு எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருக்கும் கண்மணிகளே!

இன்று நாங்கள் வேறு ஒரு தலைப்பில் பேசுவதாக இருந்தோம். பெருநாளுக்குப் பிறகு நடந்த ஒரு பஞ்சாயத்து தலைப்பை மாற்றிவிட்டது. நம் மஹல்லாவில் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இருவர் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். பெருநாள் அன்றுகூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. சொத்துத் தகராறாக இருக்கும் என்று எண்ணி நாங்கள் சமாதானம் பேசப் போனோம். விசாரித்தால், இருவருடைய பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு வாள். இரும்பு வாள் அல்ல, கம்ப்யூட்டர் திரைக்குள் இருக்கிற வாள்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். பையன்கள் இருவரும் சிரிக்கவில்லை. அதனால் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டோம். இந்த விளையாட்டுகள் கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை ஹழ்ரத் அவர்களிடம் கேளுங்கள். அதற்கு நாங்கள் பதில் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆடும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றியே பேச வந்தோம்.

தெரியாதவர்களுக்காக விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இணையம் வழியாக ஒரே கற்பனை உலகத்துக்குள் நுழைகிறார்கள். 2004இல் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இந்த வகையில் பேர்பெற்றது. அதில் ஒரு குகைக்குள் போக ஐந்து பேர் சேர வேண்டும். ஒருவர் முன்னால் நின்று அடியைத் தாங்குவார். அவரை டேங்க் என்பார்கள். ஒருவர் காயத்தை ஆற்றுவார், அவர் ஹீலர். மற்ற மூவர் தாக்குவார்கள். ஆரம்ப காலத்துப் பெரிய சண்டைகளுக்கு 40 பேர் வரை கூட வேண்டியிருந்தது. 40 பேரை ஒரே நேரத்துக்கு வரவழைப்பது எவ்வளவு பாடு என்பது நிக்காஹ் வீட்டில் பந்தி கவனித்தவர்களுக்குத் தெரியும்.

அரக்கனை வீழ்த்தினால் பொருள் கிடைக்கும். உழைப்பு ஐந்து பேருடையது, பொருளோ ஒன்று. அதற்குத் திரையில் பட்டன்கள் வரும். 'தேவை' என்று ஒன்று: இதை என் பாத்திரம் கையில் எடுத்துப் பயன்படுத்தும் என்று பொருள். 'ஆசை' என்று ஒன்று: யாருக்கும் தேவை இல்லையென்றால் எனக்குக் கொடுங்கள், விற்றுக் காசாக்கிக்கொள்கிறேன் என்று பொருள். மூன்றாவது, 'வேண்டாம்'. 'தேவை' அழுத்தியவர்களுக்கே முதல் உரிமை. அவர்களுக்குள் 1 முதல் 100 வரை எண் விழும். பெரிய எண் யாருக்கோ, பொருள் அவருக்கு.

நம் பிள்ளைகள் ஆடியது, 2019இல் பழைய வடிவிலேயே மறுபடி வெளியிட்ட கிளாசிக் பதிப்பு. மூத்தவன் வாள் வீரன். இளையவன் ஹீலர்; அவன் பாத்திரத்தால் வாளைத் தூக்கவே முடியாது. ஆனாலும் வாள் விழுந்ததும் அவன் 'தேவை'யை அழுத்தினான். பெரிய எண் அவனுக்கே வந்தது. எடுத்துப் போய்ச் சந்தையில் விற்றுவிட்டான். இப்படிப் பறிப்பவனுக்கு அந்த உலகத்தில் 'நிஞ்ஜா' என்று பட்டம். மூத்தவன் அந்தப் பட்டத்தை எல்லோர் முன்னாலும் சூட்டினான், கூடவே இளையவனின் வாப்பாவையும் இழுத்தான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இளையவனிடம் கேட்டோம். அவன் சொன்ன பதில்தான் இன்றைய தலைப்பு. "அழுத்தக் கூடாதுன்னா அந்தப் பட்டனை எனக்கு எதுக்குக் காட்டுறாங்க?"

அன்பானவர்களே, மத்ரஸாவில் ஓதிய நாட்களில் நாங்கள் நாலைந்து பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவோம். நடுவில் இருக்கும் கறியை முதலில் எட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சஹனில் எழுதியா வைத்திருந்தார்கள்? கை எட்டும், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் தன் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுப்போம். பசியோடு வந்தவன் பக்கம் துண்டைத் தள்ளிவிடுவோம். மற்றவர்கள் முடிக்கும் முன் எழுந்து போக மாட்டோம். விதி அனுமதிக்கிற இடத்திலும் கையை நிறுத்துவதற்குத்தான் அதபு என்று பெயர். இந்த விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் எரிச்சலோடு சொல்லும் குறைகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் முக்கால்வாசி சஹனில் நாம் படித்த பாடம்தான்.

முதல் குறை, பாதியில் எழுந்து போவது. ஒரு குகையை முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். நடுவில் ஹீலர் எழுந்து போனால் மற்ற நால்வரும் செத்து விழுவார்கள், அதுவரை செலவழித்த நேரம் வீண். சிலர் போகவும் மாட்டார்கள், ஆடவும் மாட்டார்கள்; ஓர் ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், பங்குக்கு மட்டும் வந்துவிடுவார்கள். தாய்மார்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. சோறு ஆறுகிறது என்று ஒயரைப் பிடுங்குகிறோம். அங்கே முகம் தெரியாத நால்வர் நம் பிள்ளையைத் திட்டுகிறார்கள். அதே நேரம் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம்: பாங்கு சொன்னால் எழத்தான் வேண்டும், அதில் பேரம் கிடையாது. அதனால்தான் நுழையும் முன்பே கணக்குப் பார்க்க வேண்டும். மஃரிபுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு மணி நேரக் குகைக்கு வாக்குக் கொடுக்காதே. கொடுத்தால் ஒன்று தொழுகை போகும், அல்லது வாக்குப் போகும். வீட்டிலும் சொல்லி வை: "உம்மா, இத்தனை மணிக்கு முடியும்" என்று. உம்மா அதுவரை பொறுப்பார்கள்.

இரண்டாவது, நாக்கு. புதிதாக வந்தவன் வழி தெரியாமல் தப்பான அரக்கனை இழுத்து வந்துவிட்டால் போதும், 'நூப்' என்று ஆரம்பித்து வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசுவதும் பட்டப்பெயர் சூட்டுவதும் கூடாது என்று ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அந்தத் தடை தட்டச்சு செய்யும் விரலுக்கும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற விளையாட்டில் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு முளை அடையாளம் தெரியும். அந்தக் களத்துக்கு முதல்முறை வருபவரைக் கூட்டிச் சென்று முடித்தால் குழுவுக்குக் கூடுதல் வெகுமதி. முடிவில், நன்றாக நடந்துகொண்ட ஒருவருக்குப் பாராட்டு அளிக்கவும் வழி உண்டு. புதியவனிடம் பொறுமை காட்டினால் ஆட்டமே நன்றாக இருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, கொடுக்கல் வாங்கல். 2001இல் வந்த ரூன்ஸ்கேப்பில் ஒரு பழைய தந்திரம் உண்டு: "உன் பொற்காசைக் கொடு, இரட்டிப்பாகத் தருகிறேன்." முதலில் சிறு தொகையை உண்மையாகவே இரட்டிப்பாக்கித் தருவார்கள். பெரிய தொகையைக் கொடுத்ததும் ஆள் மறைந்துவிடுவார். நம் ஊர்களில் எத்தனை சீட்டுக் கம்பெனிகள் இதே வழியில் வந்து போயின! அளவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது: முதஃப்பிஃபீன். அதே விளையாட்டில், பொற்காசை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டத்தைத் தடுப்பதற்காக 2008 தொடக்கம் முதல் 2011 வரை ஆட்டக்காரர்களுக்கு இடையிலான பண்டமாற்றுக்கே கடும் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். சிலர் செய்த தவறால், நண்பனுக்கு மனமுவந்து ஒரு பொருளைக் கொடுக்க நினைத்தவனும் தவித்தான்.

"நிஜமில்லைதானே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். 2006இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் நடந்ததைச் சொல்கிறோம். நிஜ வாழ்வில் இறந்துபோன சக ஆட்டக்காரர் ஒருவருக்காக, நண்பர்கள் அந்த உலகத்துக்குள்ளேயே ஓர் இடத்தில் ஒன்றுகூடி அஞ்சலி செலுத்தினார்கள். செய்தி தெரிந்த எதிர்க் குழு ஒன்று படையோடு வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்தது. அதைப் படம் பிடித்து வெளியிடவும் செய்தது. அது எதிரிகள் மோதிக்கொள்ள அனுமதியுள்ள இடம். விதிப்படி தவறில்லை. ஜனாஸா நடக்கும் தெருவில் வண்டியின் ஹாரனைக் கூட அடிக்காதவர்கள் நாம். நம் பிள்ளை அந்தப் படையில் இருந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

இன்னொன்றையும் கேளுங்கள். நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர். தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலியிலேயே வாழ்க்கை. 2014இல் 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் அறைக்குள் கிடந்து போய்விட்டான் என்று பெற்றோர் கலங்கியிருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும் கடிதங்கள் வரத் தொடங்கின. விளையாட்டுக்குள் இபெலின் என்ற பெயரில் அவர் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார். சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தார்கள். அவரைப் பற்றி 2024இல் ஆவணப்படமும் வந்தது. திரையில் தெரியும் பொம்மைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார், எந்த நிலையில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. நாம் பேசும் சொல் அவர் மனத்தில்தான் போய் விழுகிறது.

வாள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹழ்ரத் அவர்கள் இளையவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "வாள் தேவைப்பட்ட ஆள் உன் அண்ணன் மட்டும்தானா?" பையன் யோசித்துவிட்டு, "இன்னொருத்தரும் 'தேவை' அழுத்தினார், ஊர் பேர் தெரியாது" என்றான். அடியார்களின் ஹக்கை அடியார்களிடம்தான் தீர்க்க வேண்டும் என்று ஓதிக் கொடுத்தோமே, ஊர் தெரியாதவரிடம் எப்படித் தீர்ப்பது? மூத்தவன்தான் வழி சொன்னான். அந்த விளையாட்டுக்குள் தபால்பெட்டி இருக்கிறதாம், பாத்திரத்தின் பெயருக்குப் பொற்காசை வைத்தே அனுப்பலாமாம். வாள் விற்ற காசில் பாதி அண்ணனுக்கும், பாதி அந்த அந்நியருக்கும் போனது. இளையவன் மன்னிப்புக் கேட்டு எழுதினான். மூத்தவன் சித்தப்பாவிடம் போய், இழுத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். மறுநாள் அந்த அந்நியரிடமிருந்து பதில் வந்தது: அடுத்த முறை குகைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள் என்று. வாப்பாமார்கள் இருவரும் இன்று ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். யாரோடு ஆடுகிறாய், எப்போது முடியும், ஜெயித்ததை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்று கேளுங்கள். திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முகம் தெரியாத மனிதரிடத்திலும் அமானிதம் பேணும் பிள்ளைகளாக நம் சந்ததிகளை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.