அணைக்குப் பொறுப்பு யார், பணம் எங்கே?

மைசூரில் கூடியிருப்போர் நன்கறிந்த நஞ்சன்கூடு நெடுஞ்சாலை, 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் கபினி வெள்ளத்தில் மூழ்கியது. கபினி அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 19.5 டி.எம்.சி. மட்டுமே. வயநாட்டில் அடைமழை பிடித்தால் அது விரைவில் நிரம்பிவிடும். பின்னர் வரும் நீரை வெளியேற்றுவதன்றி வேறு வழியில்லை. எவ்வளவு முன்னதாகத் திறப்பது, கரையோர மக்களுக்கு யார் அறிவிப்பது என்பவையே அப்போது எழும் வினாக்கள்.

1956-ஆம் ஆண்டின் நதி வாரியச் சட்டம் வெள்ளக் கட்டுப்பாட்டையும் வாரியங்களின் பணியாக வகுத்தது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் ஒரு வாரியமும் அமைக்கப்படவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. மத்தியில் தேசிய ஆணையம், மாநிலத்தில் ஓர் அமைப்பு, அணை உரிமையாளரிடம் தனிப் பாதுகாப்புப் பிரிவு எனப் பொறுப்பு பகுக்கப்பட்டது. அவசரகாலச் செயல் திட்டம் வகுப்பதும், வெள்ள எச்சரிக்கைக்கு ஏற்பாடு செய்வதும் உரிமையாளரின் கடமைகள்.

நிதி பற்றிய பிரிவே நுட்பமானது. பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் போதுமான நிதியை உரிமையாளர் தனியே ஒதுக்கவேண்டும் என்கிறது சட்டம். 'போதுமான' என்பது எவ்வளவு என்று கூறவில்லை. பாசனக் கட்டணம் பராமரிப்புச் செலவுக்கும் ஈடாகவில்லை என்பதை 1992-இலேயே வைத்தியநாதன் குழு ஆராய்ந்துள்ளது. எனவே, பணம் மாநில வரவு செலவுத் திட்டத்திலிருந்தே வரவேண்டும். அங்கே புதிய கால்வாய்க்குத் திறப்பு விழா உண்டு. பழைய மதகின் பழுதுக்கு விழா ஏது?

இன்னொன்றும் எஞ்சுகிறது. வெள்ளச் சமவெளியில் கட்டடங்களை வரையறுக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. அணைச் சட்டத்தால் நஞ்சன்கூட்டின் தாழ்வான தெருக்களுக்கு எச்சரிக்கை சென்று சேரலாம். அங்கு புதிய வீடு எழுவதைத் தடுக்க அதில் இடமில்லை.