ஊர் கூடிச் சேய் காத்தல்



பேறுகாலப் பராமரிப்பைக் குறித்து இவ்வறக்கட்டளையின் சார்பில் பேசுமாறு என்னைப் பணித்தபோது, மருத்துவனல்லாத எனக்கு இதில் என்ன பாத்தியதை என்ற தயக்கம் எழுந்தது மெய்யே. ஆயினும் இத்துறையில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவற்றுள் என்னைப் பெரிதும் வியக்க வைத்த காரியம் மருத்துவர் கையால் அன்றிச் சிற்றூர்ப் பெண்கள் கூடிப் பேசிய பேச்சினாலேயே நடந்தேறியது என்று எண்ணிய அளவில் அத்தயக்கம் நீங்கிற்று.

ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான் ஆகிய மாவட்டங்களும், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டமும் ஹோ, சந்தால் முதலிய பழங்குடியினர் மிகுந்து வாழும் பிரதேசங்கள். பிரசவங்களுள் பெரும்பாலானவை வீட்டிலேயே நிகழ்ந்துவந்த அப்பகுதியில், 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' என்னும் தொண்டு ஸ்தாபனம் ஒரு பரீட்சை நடத்திற்று. மக்கள் வாழிடங்களை 36 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 18 தொகுதிகளில் மட்டும் பெண்கள் குழுக்களை மாதந்தோறும் கூட்டினர். ஏனைய பதினெட்டில் அவை இல்லை. கூட்டத்தை நடத்தியவள் செவிலி அல்லள். அவ்வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்து, சிறிது பயிற்சி பெற்ற ஒருத்தி. அவள் உபதேசம் செய்ய வரவில்லை என்பதே இம்முறையின் உயிர்நாடி.

கூட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். படங்களை வைத்துக்கொண்டு ஒரு கதை சொல்லப்படும்: பிறந்த குழந்தை குளிரால் விறைத்து இறந்துபோயிற்று. ஏன்? நஞ்சுக்கொடி விழும்வரை துடைக்காமல் வெறுந்தரையில் கிடத்தியிருந்தார்கள். ஏன்? எல்லோருடைய கண்ணும் தாயின் மேலேயே இருந்தது. அதற்கும் ஏன்? குழந்தையை ஏந்தத் துணியோடு ஒருத்தி காத்திருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இவ்வாறு 'ஏன், ஏன்' என்று தோண்டிக்கொண்டே போகையில், விதி என்று அதுகாறும் பெயர் பெற்றிருந்தது மெல்ல மெல்ல ஒரு துணி, ஒரு புதிய பிளேடு, கொதிக்க வைத்த ஒரு நூல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பின்னர்த் தங்களால் இயன்றது எது என்பதை அப்பெண்களே தெரிந்தெடுத்து, ஊராரையும் அழைத்துச் சொல்லி, செய்து பார்த்து, செய்ததைத் தாங்களே எடைபோடுகிறார்கள். இருபது கூட்டங்களில் இச்சுற்று முடிவுறும்.

பிறந்து 28 நாட்களுக்குள் நேரும் சிசு மரணம், குழுக்கள் இருந்த தொகுதிகளில், மூன்றாண்டுகளையும் சேர்த்து நோக்குங்கால் 32 சதவீதமும், பின்னிரண்டு ஆண்டுகளை மட்டும் நோக்கினால் 45 சதவீதமும் குறைவாக இருந்தது. 2010-இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று. இதில் விசித்திரம் என்னவென்றால், ஆஸ்பத்திரியை நாடிச் செல்வோர் தொகை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. கூடியவை, பிரசவம் பார்ப்பவள் சோப்பிட்டுக் கை கழுவுவதும், தொப்புள்கொடி கட்டும் நூலை வேகவைப்பதும், தாய்ப்பால் மட்டும் புகட்டுவதும் போன்ற வீட்டு வழக்கங்களே. ஆஸ்பத்திரி வேண்டாம் என்பது என் வாதமன்று. உதிரப்போக்கு பெருகிய தாய்க்குக் கூட்டம் போட்டுப் பேசுவதால் யாது பயன்? ஆயினும் வாசற்படியைத் தாண்டாமலே தடுக்கக்கூடிய மரணங்கள் இத்தனை இருந்தன என்பதை நாம் அறியாதிருந்தோமே! அன்றியும், மூன்றாம் ஆண்டில் பிள்ளை பெற்ற தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்து காணப்பட்டது. மனநலத்துக்கென்று அக்கூட்டங்களில் எவரும் மருந்து வழங்கவில்லை.

இதற்கு முன்னோடி நேபாளத்து மக்வான்பூர். அங்கே நடந்த பரீட்சையின் முடிவு 2004-இல் வெளிவந்தது. குழுக்கள் கூடிய இடங்களில் ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு 26.2 என்றும், மற்ற இடங்களில் 36.9 என்றும் பச்சிளஞ்சிசு மரணம் கணக்காயிற்று. மலைப்பாதையில் கர்ப்பிணியைத் தூக்கிச் செல்ல டோலி ஏற்பாடு செய்ததும், அவசரத்துக்கென்று பணம் சேர்த்து வைத்ததும் அப்பெண்கள் கண்ட உபாயங்கள்.

இவ்வளவும் கேட்டு, ஊருக்கு ஒரு சங்கம் அமைத்துவிட்டால் போதும் என்று எவரேனும் எழுந்து சொல்லக்கூடும். அதிகாரிகள் நிச்சயம் சொல்வார்கள். அவர்கள் பங்களாதேஷின் அனுபவத்தைக் கருத வேண்டும். அங்கே இதே முறையை மூன்று மாவட்டங்களில் கையாண்டபோது பலன் ஒன்றும் காணப்படவில்லை. முறை பழுதோ என்று ஐயுற்று ஆராய்கையில், ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு என்று மிகச் சிதறலாக அமைத்திருந்தது புலப்பட்டது. பிறகு 309 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் நெருக்கமாக அமைத்து மீண்டும் முயன்றனர்; 2013-இல் வெளியான முடிவின்படி சிசு மரணம் 38 சதவீதம் குறைந்தது. நான்கு பேர் வடம் பிடித்தால் தேர் நகராது அல்லவா?

அதே ஆண்டு ஏழு பரீட்சைகளை ஒருசேர ஆராய்ந்தவர்களும் இதனையே கண்டனர்: கர்ப்பிணிகளுள் 30 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குழுக்களில் பங்கு கொண்ட இடங்களில் தாய் மரணமும் சிசு மரணமும் வெகுவாகக் குறைந்திருந்தன. இன்று நம் நாட்டில் இம்முறையை 'ஆஷா' எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு அரசாங்கமே நடத்த முற்பட்டிருக்கிறது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அவ்வாறு நடத்தியதில் சிசு மரணம் 31 சதவீதம் குறைந்ததாக 2016-இல் அறிவித்தனர். ஆகவே மேற்பார்வைக்குச் செல்வோர், இத்தனை கூட்டம் நடந்தது என்று எழுதிய பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, இந்த ஊரில் இப்போது மசக்கையாயிருப்பவர் எத்தனை பேர், அவர்களுள் சென்ற மாதம் பாயில் வந்து அமர்ந்தவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பாராக.