அலுவல் வழியும் அறுசுவையும்



அலுவல் நிமித்தம் ஊர் ஊராகச் செல்கிறவர்களுக்கு அந்தப் பிரயாணம் பெரும்பாலும் ஒரு சுமையாகவே தோன்றுகிறது. விடியுமுன் புறப்பட வேண்டும். குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். போன இடத்தில் கணக்கையோ இயந்திரத்தையோ சரக்கையோ பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இந்தக் கவலைகளுக்கிடையே, வண்டியின் சன்னலுக்கு வெளியே ஒரு நாடு விரிந்து கிடக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொல்கத்தாவில் வாழும் தமிழர்களை, சிறப்பாக வேலையின் பொருட்டு வங்காளத்துச் சாலைகளில் அடிக்கடி செல்ல நேரும் தமிழர்களை, மனத்திற் கொண்டு இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். பிற மாநிலங்களில் வாழ்கிறவர்கள் தத்தம் ஊர்ச் சாலைகளுக்கு இவற்றைப் பொருத்திக் கொள்ளலாம்.

தென் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட்டை அறியாத தமிழர் அந்நகரில் இல்லை. வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் அங்கே கிடைக்கும். தமிழ்ப் பேச்சும் காதில் விழும். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆயினும், வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து லேக் மார்க்கெட், அங்கிருந்து வீடு என்ற முக்கோணத்துக்குள்ளேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வங்காளத்தில் சம்பாதித்தார்கள் என்று சொல்லலாம். வாழ்ந்தார்கள் என்று சொல்லலாமா? அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள், "உன் ஊர் எது?" என்ற எளிய கேள்விக்கு விடை தெரியாமல் திகைப்பதற்கு யார் பொறுப்பு? நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பொழுதுபோக்குப் போலத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது இந்தக் கேள்வியே.

அலுவலுக்காகச் செல்கிறவன் கண்ணைத் திறந்துகொண்டு சென்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு, கொல்கத்தாவில் வாழ்ந்த ஒரு தமிழரே சான்று. 1907-ஆம் ஆண்டில் நிதித்துறை அதிகாரியாக அந்நகருக்கு வந்தவர் சந்திரசேகர வேங்கடராமன். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1921-இல், ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குத் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் போய்விட்டுக் கப்பலில் திரும்பினார். அதுவும் ஓர் அலுவற் பயணமே. மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அந்நிறம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று வினவினார். அந்த வினாவின் வழியே நடந்த ஆராய்ச்சி 1928-இல் ராமன் விளைவாக முடிந்தது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. நம்மில் எல்லோரும் ராமனாக முடியாது. ஆனால் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்திச் சற்றே வெளியே பார்ப்பது எவருக்கும் முடியும்.

முதலில் மேற்குச் சாலை. கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி நதியைக் கடக்க 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டிச் சென்றால் பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலை. இந்தச் சாலையைப் பற்றித் தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இது ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து, சுமார் 1,700 கிலோமீட்டர் ஓடி, சென்னையில் போய் முடிகிறது. ஊர் நினைவு வந்து மனம் கனக்கும்போது, தம் வண்டிச் சக்கரத்தின் கீழே கிடப்பது சென்னைக்குப் போகும் சாலை என்று எண்ணிக்கொள்வதில் ஓர் இனிமை இருக்கத்தான் செய்கிறது.

சுமார் 70 கிலோமீட்டர் சென்றால் கோலாகாட். அங்கே ரூப்நாராயண் நதி அகன்று கிடக்கிறது. மீன் உண்போர்க்கு அந்நதியின் ஹில்சா மீன், மழைக்காலத்தின் பெரும் பேறு. கடுகை அரைத்து அதில் வேகவைத்துத் தருவார்கள். நாம் கடுகைத் தாளித்து வெடிக்கவிடுகிறோம். அவர்கள் அரைத்துக் குழம்பாக்குகிறார்கள். கோலாகாட்டைத் தாண்டிப் பாஞ்ச்குடா பக்கம் குளிர்காலத்தில் சென்றால், செவ்வந்தியும் துலுக்கச் செவ்வந்தியும் வயல் வயலாகப் பூத்திருக்கக் காணலாம். தெற்கே தம்லுக் வட்டாரத்தில் வெற்றிலைத் தோட்டங்கள் மிகுதி. நம்மூர்க் கொடிக்காலில் அகத்தியைப் பற்றி வெற்றிலை ஏறும். இங்கேயோ நாற்புறமும் மறைத்து, மேலேயும் கூரை வேய்ந்த நிழற்கூண்டுக்குள் அதனை வளர்க்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீடென்றே தோன்றும். அந்தத் தம்லுக்தான் பழங்காலத் தாம்ரலிப்தித் துறைமுகம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகர் பாஹியான் இலங்கைக்குக் கப்பலேறிய இடம் அது. தென்திசைக்கும் வங்கத்துக்கும் உள்ள போக்குவரத்து நம்மோடு தொடங்கியதன்று.

இப்பகுதியின் பெண்கள் குளிர்காலத்தில் உளுந்தை அரைத்து, அடித்து, கசகசா பரப்பிய தட்டின்மேல் பிழிந்து, வடகம் இடுகிறார்கள். வெறும் வடகமன்று, தோடு, மாலை, பதக்கம் என நகைகளின் வடிவத்தில் பிழிவார்கள். அதனால் அதற்குப் பெயரே நகை வடகம் என்னும் பொருளில் 'கொய்னா பொடி.' மொட்டைமாடியில் வடாம் இட்டுக் காக்கையை ஓட்டிய கைகளும், வாசலில் கோலமிட்ட கைகளும் ஒன்று சேர்ந்து செய்தாற்போல் இருக்கும் அந்த வேலைப்பாடு.

சைவ உணவுக்காரர்கள் வங்காளத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பதுண்டு. சாலையோரச் சோற்றுக்கடையில் நுழைந்தவுடன் 'நிராமிஷ்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மரக்கறி உணவென்று புரிந்துகொள்வார்கள். முதலில் கசப்பு வரும். பாகற்காயோடு பல காய்கள் சேர்ந்த சுக்தோ அது. பிறகு பருப்பு, காய்கறி, இறுதியில் புளிப்பும் இனிப்பும் கலந்த சட்னி. கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிப்பது அவர்கள் பந்தியின் முறை. வீடுகளில் வாழைப்பூவும் வாழைத்தண்டும் நம்மைப் போலவே ஆய்ந்து நறுக்கிச் சமைப்பார்கள். கடலைப்பருப்பை அரைத்து, வில்லைகளாக்கிப் பொரித்து, குழம்பிலிடும் 'தோகார் டால்னா'வை உண்ணும்போது நமக்குப் பருப்புருண்டைக் குழம்பு நினைவுக்கு வரும்.

இத்துணைச் சுவையான மரக்கறிச் சமையல், மீனை உயிராக மதிக்கும் ஒரு நாட்டில் எப்படி உண்டாயிற்று? இதன் விடை மகிழ்ச்சியானதன்று. அக்காலத்து வங்காளத்தில், உயர்குலம் என்று கருதப்பட்ட வீடுகளில், கணவனை இழந்த பெண் மீனும் இறைச்சியும் உண்ணலாகாது. வெங்காயம், பூண்டு, மைசூர்ப் பருப்பு ஆகியவையும் விலக்கு. ஒருவேளைச் சோறே உண்டு. ஏகாதசியில் தண்ணீரும் இல்லை. சிறுவயதிலேயே விதவையானவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தமக்கு விட்டுவைக்கப்பட்ட தோலையும் தண்டையும் பூவையும் கொண்டு, தனி அடுப்பில் ஒரு சமையற்கலையையே படைத்துவிட்டார்கள். அவர்கள் மறுமணம் செய்துகொள்ள 1856-ஆம் ஆண்டில் சட்டம் வரும்படி போராடியவர் ஈசுவரசந்திர வித்யாசாகர். நாம் கடந்து வந்த பாலத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் 1820-இல் பிறந்த வீர்சிங்கம் என்ற சிற்றூரும் இதே மேதினிபூர்ப் பக்கத்தில், காட்டால் என்னும் ஊருக்கு அருகே உள்ளது. அவ்வழியே வேலை நேர்ந்தால் சென்று பார்க்கலாம். நாம் வாழைப்பூக் கறியைச் சுவைத்து உண்ணும்போது, அதனை ஆக்கிய கைகள் யாருடையவை என்பதையும் அறிந்து உண்பது ஒரு மரியாதை.

அடுத்து வடமேற்குச் சாலை. துர்காபூர், ஆசன்சோல் ஆலைகளுக்கு வேலையாகச் செல்கிறவர்கள் வர்த்தமான் வழியே போவார்கள். ஹூக்ளி மாவட்டத்து உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டினால் நெல், நெல், மேலும் நெல். வங்காளத்தின் நெற்களஞ்சியம் என்று வர்த்தமானைச் சொல்வார்கள். தஞ்சையை விட்டு வந்தவர்களுக்கு அங்கே கண் குளிரும். புரட்டாசியில் துர்கா பூஜைக்கு முன்னே சென்றால், சாலையோரமெங்கும் நாணல் வெள்ளைப் பூவாய்ப் பூத்து அசையும். மார்கழி, தையில் கடுகு வயல்கள் மஞ்சள் விரித்திருக்கும். வர்த்தமானை நெருங்கும்போது சக்திகட் என்ற ஊரில் இருமருங்கும் 'லேங்சா' விற்கும் கடைகள். பாலைத் திரித்த சேனாவை நீளமாக உருட்டிப் பொரித்துப் பாகில் ஊறவைத்த பண்டம் அது. வர்த்தமானின் தனிச்சிறப்போ சீதாபோகும் மிஹிதானாவும். மிஹிதானா நம் பூந்தியை மிகப் பொடியாக்கினாற்போல் இருக்கும். சீதாபோக், அரிசிமாவும் சேனாவும் கலந்து செய்த இனிப்பு. பார்வைக்கு வெள்ளைச் சோறேதான். 1904-இல் கர்சன் பிரபு வந்தபோது அரசமாளிகைக்காக இவ்விரண்டையும் செய்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. சோறு தின்னும் மக்கள் விருந்தாளிக்கு இனிப்பையும் சோற்றின் வடிவிலேயே படைத்தார்கள்!

வர்த்தமானுக்கு மேற்கே மண் சிவக்கிறது. சால மரக்காடுகள் தொடங்குகின்றன. இங்கே கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு சமைத்த 'ஆலு போஸ்தோ'வும், சோம்பும் இஞ்சியும் சேர்த்த உளுத்தம்பருப்பும் கோடைக்கு உகந்த உணவு. உளுந்தை இட்டிலிக்கும் வடைக்கும் என்றே அறிந்த நமக்கு, அதைப் பருப்பாகச் சோற்றில் பிசைந்துண்பது புதுமையாக இருக்கும். கும்பினியார் அபினி வாணிபத்தைத் தம் ஏகபோகமாக்கிக் கொண்ட காலத்தில், பால் வடித்தெடுத்தபின் எஞ்சிய காய்களின் விதையை ஏழைக் குடியானவப் பெண்கள் அரைத்துக் கறியாக்கியதே இவ்வுணவு பரவக் காரணம் என்று சொல்லப்படுகிறது. இங்கும் பாருங்கள், சுவைக்குப் பின்னால் ஒரு துயரம்.

மூன்றாவது தெற்குச் சாலை. கொல்கத்தாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஜயநகர். அவ்வூர்ப் பக்கம் வேலையிருந்தால் மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பனை கோடையில் பதநீர் தருகிறது. வங்காளத்தின் ஈச்சமரம் குளிரில் சாறு தருகிறது. மாலையில் மரத்தின் கழுத்தைச் சீவிப் பானை கட்டுவார்கள். விடியலில் இறக்கிக் காய்ச்சுவார்கள். சில நாள் ஓய்வு கொடுத்தபின் மரம் சுரக்கும் முதற்சாறே உயர்ந்தது. அந்தப் புது வெல்லத்தில், கனக்சூர் என்னும் நெல்லின் பொரியைக் கலந்து பிடித்த உருண்டைதான் ஜயநகர் மோயா. 2015-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கார்த்திகைத் தீபத்தன்று நெற்பொரி உருண்டை உண்டு வளர்ந்த எவரும் அதனை அயல்நாட்டுப் பண்டம் என்று சொல்லமாட்டார். மரமேறத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது அங்கே கேட்கும் வருத்தம். நம் பனைத்தொழிலாளர்களின் கதையும் அதுதானே!

நடைமுறையில் சில சொல்லி முடிக்கிறேன். வேலையை முதலில் முடியுங்கள். முடித்தபின் திரும்பும் வழியே உங்களுடையது. விரைவுச் சாலையில் போய், பழைய சாலையில் திரும்புங்கள். கூடுதலாகும் ஒரு மணி நேரம் வீணன்று. வண்டியோட்டியை 'தாதா' என்று அழையுங்கள். வங்காளியில் அதற்கு அண்ணன் என்றே பொருள். எந்தக் கடையில் சோறு சுடச்சுட இருக்கும், எங்கே தண்ணீர் நன்று என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை. அவரைத் தனியே அனுப்பாமல் ஒரே பலகையில் அமர்ந்து உண்ணுங்கள். பத்து வங்காளிச் சொற்களேனும் பழகிக்கொள்ளுங்கள். 'என்ன இது, எப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்கத் தெரிந்தால் சமையற்கட்டின் கதவு திறந்துவிடும்.

இன்னும் ஒன்று. போன இடத்திலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பாதீர்கள். ஒரு பொட்டலம் பொடி, ஒரு சட்டி ஈச்சவெல்லம், கூடவே பார்த்ததைப் பற்றிய நான்கு வார்த்தைகள். இவற்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அடுத்த விடுமுறையில் அதே சாலையில் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மையாரிடம் சுக்தோவின் பக்குவம் கேட்டு, பதிலுக்கு ஒரு கிண்ணம் வற்றற்குழம்பு அனுப்புங்கள். தாய்மொழியை விடவேண்டியதில்லை, லேக் மார்க்கெட்டை மறக்கவும் வேண்டியதில்லை. ஒரு நாட்டின் சாலையை அறிந்து, அதன் சோற்றை உண்டு, அச்சோற்றின் வரலாற்றையும் கேட்டவன் அந்நாட்டில் அயலான் ஆகான். அவனுடைய பிள்ளையும், "உன் ஊர் எது?" என்று கேட்டால், தயங்காமல் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்லும்.