வெளியூரில் உழைக்கும் நம் பெண்மக்கள்
(உத்திரமேரூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



குடவோலைக் கல்வெட்டின் பெருமை பேசாத கூட்டம் இவ்வூரில் இல்லை. இன்று அதனை விடுத்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் சென்றுள்ள நம் பெண்மக்களைக் குறித்தே பேச எழுந்தோம்.

2024-ஆம் ஆண்டு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி திறக்கப்பெற்றது. அத்தனை பேர் நடுவிலும் தனிமை உண்டு. இரவு வேலை முடித்து ஒருத்தி படுக்கும்போது அறைத்தோழி பகல் வேலைக்குப் புறப்படுகின்றாள். நாமோ தொலைபேசியில் கேட்பவை இரண்டே: பணம் அனுப்பினாயா? வரன் பார்க்க எப்பொழுது வருவாய்? உண்டனையா என்போர் மிகச் சிலர். அவள் சம்பளத்தில் தம்பி படிக்கின்றான், கடன் அடைகின்றது. அவளைப் பற்றிய பழிச்சொல்லும் நம் திண்ணையிலேயே பிறக்கின்றது. இது நியாயமாமோ?

சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மையார் இளமையிலேயே கைம்பெண்ணானவர். 1911-இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியானார். தந்தையாரும், தாமும் கைம்பெண்ணாகிய சிற்றன்னையாரும் ஊரார் ஏச்சைப் பொறுத்து உடன் நின்றனர். நம் பெண்கள் வேண்டுவதும் அத்துணையே.

ஆதலின் மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் விடுதிக்குச் சென்று காண்க. அவள் சம்மதம் கேளாது வரனுக்கு வாக்களியாதீர். சங்கத்தின் சார்பில் வண்டி அமர்த்தலாம் என்பது நம் கோரிக்கை. உடன்வர விரும்புவோர் இன்றே காரியதரிசியிடம் பெயர் கொடுப்பாராக.