எந்த ஊர் என்று கேட்டால்



"தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே நம்மவரின் முதல் வினா. தஞ்சையிற் பிறந்து, மலேசியாவின் ஈப்போவில் வளர்ந்து, மணவழியாகக் கருணாபுரத்துக்கு வந்தவள் நான். தாய்வழி தெலுங்கு, தந்தைவழி தமிழ். ஓர் ஊரை மட்டும் சொல்லி இவ்வினாவைக் கடக்க எனக்கு இயல்வதில்லை.

பல ஊரையும் சொல்லத் துணிவு தந்தோர் நம் கல்வராயன் மலை மக்களே. மலையாளி என்னும் அவர்தம் பெயர் மலைவாழ்வைக் குறிப்பது, கேரளத்தை அன்று. தாய்மொழி தமிழே. ஆயினும் தம் வரலாற்றை அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்தே தொடங்குவர். கரிராமன் காஞ்சியை நீங்கி மலையேற, உடன்பிறந்தோர் மூவர் பின்தொடர்ந்தனராம். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனப் பிரிந்து குடியேறி, வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனராம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் இவ்வழக்கு பதிவாகியுள்ளது. வந்தவர் என்பதையும் கலந்தவர் என்பதையும் மறைக்காத அறிமுகம்! நம் திருமணப் பேச்சுகளில் இந்நேர்மையை நான் கண்டதில்லை.

சான்றிதழோ மாவட்டத்தைக் கேட்கிறது. 1976ஆம் ஆண்டுப் பழங்குடிப் பட்டியல் சேலம், தருமபுரி, தென்னார்க்காடு முதலிய மாவட்டப் பெயர்களோடுதான் மலையாளிகளைக் குறித்தது. அன்றைய கோவை மாவட்டம் அதில் இல்லை. அதே பெயரும் வழக்கமும் உடைய பர்கூர் மலையினர் பழங்குடிச் சான்றுக்காகப் பல்லாண்டு போராட நேர்ந்தது. பாவலர்களே, இதைப் பாடியவர் நம்முள் எத்தனை பேர்?

இம்மலரின் உறுப்பினர் பட்டியலில் 'ஊர்' என்னுமிடத்தில் என் மூன்று ஊர்களையும் எழுதித் தந்துள்ளேன். ஒன்றையும் குறைக்காது அச்சிடுமாறு பதிப்பாசிரியரை வேண்டுகிறேன்.