கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இரவுப் பணி



விமான நிலையங்களை விரிவுபடுத்துவது பற்றிப் பேசும்போது ஓடுபாதையின் நீளத்தையும் பயணிகள் கூடத்தின் பரப்பையும் நாம் தவறாமல் குறிப்பிடுகிறோம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. வருங்கால நிர்வாகிகளும் இன்றைய அதிகாரிகளும் கூடியுள்ள இந்த அவையில் அதையே பேச விரும்புகிறேன்.

இரவில் விமானங்கள் குறைவு. ஆகவே ஆட்களும் குறைவாக இருந்தால் போதும் என்பது பொதுவான கருத்து. நம் நாட்டில் இதன் முதற்பாதியே முழு உண்மையன்று. ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் விமானங்கள் பல, தில்லி, மும்பை, சென்னை நிலையங்களிலிருந்து நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே புறப்படுகின்றன. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கும் விமானங்களும் இரவில்தான் வங்கக் கடலைத் தாண்டி நம் வான்வெளிக்குள் வருகின்றன.

இரண்டாம் பாதி அதைவிடத் தவறானது. பின்னிரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை மனித உடலின் விழிப்புநிலை மிகவும் தாழ்ந்திருக்கும். போக்குவரத்து குறைந்தால் சோர்வும் கூடுகிறது. கருவிகளையும் ஓடுபாதை விளக்குகளையும் பழுதுபார்க்கும் பணிகளை, விமானங்கள் குறைவு என்ற காரணத்தாலேயே, இரவில்தான் வைத்துக்கொள்கிறோம். ஆக, மனிதரும் தளர்ந்து கருவியும் குறைந்திருக்கும் நேரத்தில் ஆளையும் குறைக்கிறோம்.

கருவிகள் மட்டும் போதுமா?

1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் வானில் மோதி 349 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் தில்லியில் வரும் விமானங்களுக்கும் புறப்படும் விமானங்களுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. இவை மிகவும் தேவையான சீர்திருத்தங்கள். ஆனால் அதே கருவி பொருத்தப்பட்ட இரு விமானங்கள், 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே மோதிக்கொண்டன. 71 பேர் மாண்டனர்.

அந்த வான்பகுதியை ஸ்விட்சர்லாந்தின் சூரிக் கட்டுப்பாட்டு மையம் கவனித்து வந்தது. பணியில் இருந்தவர் இருவர். ஒருவர் ஓய்வறையில் இருந்தார். நிர்வாகம் அறிந்தே பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம் இது. எஞ்சிய ஒருவர் இரண்டு மேசைகளைக் கவனித்தார். ராடார் அமைப்பில் பராமரிப்பு வேலை நடந்ததால், மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கை இல்லை. முதன்மைத் தொலைபேசியும் நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு செயல்படவில்லை. அண்டையிலிருந்த கார்ல்ஸ்ரூ மையத்தினர் ஆபத்தைக் கண்டு அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. கடைசி நேரத்தில் அந்த அதிகாரி ஒரு விமானத்தைக் கீழிறங்கச் சொன்னார்; அதே விமானத்தின் கருவி மேலேறச் சொன்னது. விமானிகள் கீழிறங்கினர். மற்ற விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அங்கே விமானங்களின் எண்ணிக்கை அதிகமில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இல்லாமற்போனது இரண்டாவது ஜோடிக் கண்களே.

2011 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் தேசிய விமான நிலையத்தில், நள்ளிரவுக்குப் பின் கோபுரத்தில் தனியாக இருந்தவர் உறங்கிவிட்டார். தொடர்ச்சியாக நான்காம் இரவுப் பணி அது. இரண்டு பயணி விமானங்கள் கோபுரத்தின் அனுமதியின்றியே தரையிறங்கின. நல்லவேளையாக விபத்து நேரவில்லை. அதன்பின் இரவில் ஒருவரே பணிபுரிந்த நிலையங்களில் இரண்டாமவர் அமர்த்தப்பட்டார்; இரு முறைப்பணிகளுக்கு இடையிலான ஓய்வு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணியாக உயர்த்தப்பட்டது.

நடைமுறைகளும் ஆட்களும்

கட்டுப்பாட்டுப் பணியின் நடைமுறைகள் எளியவை. விமானி தமக்களிக்கப்பட்ட அனுமதியைத் திரும்பச் சொல்ல வேண்டும். அதிகாரி அதைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும். பணி மாறும்போது வானிலை, ஓடுபாதையின் நிலை, நிறுத்தப்பட்ட கருவிகள், நிலுவையிலுள்ள அனுமதிகள் அனைத்தையும் வாய்மொழியாகவும் பதிவேட்டிலும் ஒப்படைக்க வேண்டும். உலக நேரப்படி பதிவேட்டில் தேதி மாறுவது நம் நேரம் காலை 5.30-க்கு, இரவுப் பணியாளர் மிகவும் களைத்திருக்கும் வேளை அது. அங்கே நேரும் சிறு பிழையைக் கண்டுபிடிக்க அருகில் மற்றொருவர் வேண்டும்.

கட்டுப்பாட்டு அதிகாரிகளின் களைப்பை நெறிப்படுத்தும் விதிகளைப் பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு 2020 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. விதியை நிறைவேற்ற ஆட்கள் வேண்டும். இங்கே ஒரு சிறு கணக்கு. ஓர் இருக்கையில் இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் உழைத்தால் நான்கு பேருக்கும் மேல் தேவை. விடுப்பையும் பயிற்சியையும் இடைவேளையையும் சேர்த்தால் ஐந்து பேரும் போதாது. இரு இருக்கைகளுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேண்டும்.

2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம் சிறு நகரங்களையும் வான்வழியில் இணைத்து வருகிறது. பகலில் மட்டும் இயங்கிய நிலையங்கள் இரவிலும் இயங்க விரும்புவது இயல்பே. ஆனால் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரே நாளில் உருவாவதில்லை. பயிற்சி முடித்தவரும் தாம் பணியாற்றும் ஒவ்வொரு நிலையத்திலும் தனியே தகுதி பெற வேண்டும். எனவே இரவுச் சேவைக்கு இசைவு தரும் கோப்பில், விளக்குகளுக்கான தொகைக்கு அருகிலேயே பணியிடங்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். அந்த எண் நிறைவேறும்வரை இரவுச் சேவையின் தொடக்க நாளைத் தள்ளிவைக்கும் துணிவும் நமக்கு வேண்டும்.

நாளை அத்தகைய கோப்புகள் உங்களில் பலரது மேசைக்கு வரும். இரண்டாம் இருக்கை வீண்செலவு என்று யாரேனும் குறிப்பெழுதினால், யூபர்லிங்கனை நினைவூட்டி விடையெழுதுங்கள்.